ஜூன் மாதக் கணக்கு: கடலோர வீட்டுப் பிள்ளை வெளியூரில் படிக்க எவ்வளவு ஆகும்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையில் விசைப்படகு கடலுக்குப் போகாது. பிளஸ் டூ முடிவு வருவதும், கலைக் கல்லூரிச் சேர்க்கை நடப்பதும், விடுதிக்கு முன்பணம் கேட்பதும் அதே நாட்களில்தான். ராமநாதபுரம் மாவட்டத்தில் பாம்பனிலும் மண்டபத்திலும் தங்கச்சிமடத்திலும் படகில் பங்குக்குப் போகிற வீட்டில் அப்போது வரவு கிடையாது. படகு வைத்திருப்பவருக்கோ பலகை மாற்ற, வர்ணம் அடிக்க, இன்ஜின் பார்க்க என்று எதிர்ச்செலவு. தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். அது அடுப்பெரியவே சரியாக இருக்கும்.

அதனால் "மதுரையில் மாசம் எவ்வளவு ஆகும், சென்னையில் எவ்வளவு ஆகும்" என்று மாதச் செலவை மட்டும் விசாரித்துவிட்டு ஊரை முடிவு செய்வது இந்தக் கரையில் பல வீடுகளைக் கடனில் தள்ளியிருக்கிறது. விசாரிக்க வேண்டியவை மூன்று. முதல் நாள் கையில் எவ்வளவு இருக்க வேண்டும்? வருடத்தில் எத்தனை மாதத்துக்குப் பணம் கட்ட வேண்டும்? பெரிய தொகை எந்தெந்த மாதத்தில் விழும்? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகுதான் ஊரையும் ஊரையும் ஒப்பிட முடியும்.

ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். இதில் உள்ள தொகைகள் கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. நீங்கள் விசாரித்த தொகையை அந்தந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

முதலில், மதுரையில் சாப்பாட்டுடன் தனியார் விடுதி. மாதம் 5,500 வீதம் 11 மாதம் 60,500. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்து போக, வழிச்செலவோடு 400 வீதம் 26 தடவைக்கு 10,400. உள்ளூர் பஸ், ஜெராக்ஸ் வகையறா 5,000. வருடத்துக்கு 75,900.

அடுத்தது சென்னையில் கல்லூரி விடுதி. அறை, பராமரிப்பு வருடத்துக்கு 15,000. மெஸ் பில் மாதம் 3,700 வீதம் 10 மாதத்துக்கு 37,000. ஊருக்கு வருடத்தில் நான்கு தடவை, 1,000 வீதம் 4,000. உள்ளூர்ச் செலவு 5,000. ஆக 61,000.

மூன்றாவது, சென்னையில் நான்கு பேர் சேர்ந்து 16,000 ரூபாய்க்கு எடுக்கிற வீடு. வாடகைப் பங்கு 4,000 வீதம் 12 மாதத்துக்கு 48,000. கரண்ட் 2,400. கேன் தண்ணீர் 2,600. சாப்பாடு 35,000. ஊர்ப் பயணம் 4,000. உள்ளூர்ப் பயணம் 8,000. ஒரு லட்சம்.

"சென்னைன்னா கட்டுப்படியாகாது" என்று ஒரே பேச்சில் தள்ளிவிடுகிறவர்கள் நினைப்பது மூன்றாவது கணக்கை. கல்லூரிக்குள்ளேயே விடுதி கிடைத்தால் சென்னைச் செலவு மதுரைத் தனியார் விடுதியை விடக் குறையலாம். ஊரின் பெயரை விட, எந்த வகையில் தங்குகிறோம் என்பதுதான் செலவை ஏற்றி இறக்குகிறது.

இதே மூன்றுக்கும் முதல் நாள் தொகையைப் பாருங்கள். மதுரைத் தனியார் விடுதிக்கு ஒரு மாத முன்பணம் 5,500, முதல் மாதம் 5,500, பாய் பக்கெட் தட்டு வாங்க 3,000. ஆக 14,000. சென்னை வாடகை வீட்டுக்கு ஐந்து மாத அட்வான்ஸில் பங்கு 20,000, முதல் வாடகை 4,000, புரோக்கர் கமிஷனில் பங்கு 4,000, அடுப்பு, பாத்திரம், வழிச்செலவு 10,000. ஆக 38,000. வருடக் கணக்கில் மலிவாக வந்த சென்னைக் கல்லூரி விடுதிக்கோ அறைக் கட்டணம் 15,000, திரும்பி வரும் காப்புத்தொகை 10,000, மெஸ் முன்பணம் 12,000, சாமான், வழிச்செலவு 4,000. ஆக 41,000. வருடத்தில் மலிவானது ஜூனில் கனமானது. இது தெரியாமல் மலிவு என்று நம்பிச் சேர்த்துவிட்டு, கடைசி வாரத்தில் நகையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது.

எல்லா வீட்டுக்கும் ஜூன் வறண்ட மாதம் என்றும் சொல்லிவிட முடியாது. சாயல்குடி, நரிப்பையூர்ப் பக்கம் பனையேறுகிற வீட்டில் பதநீர், கருப்பட்டிப் பருவம் கோடையில்தான். அவர்கள் கையில் ஜூனில் காசு ஓடும், ஐப்பசி கார்த்திகையில் வற்றிவிடும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் முண்டு மிளகாய் போடுகிற வீட்டில் மாசி, பங்குனியில் பழம் எடுத்து, காய வைத்த வற்றல் மே மாதம் மூட்டையாக இருக்கும். விலைக்காகக் காத்திருப்பதா, படிப்புக்காக இப்போதே விற்பதா என்பது அங்கே உள்ள கேள்வி. நாட்டுப்படகுக்கு இந்தத் தடை கிடையாது. அவர்களுக்குச் சிரமம் வடகிழக்குப் பருவத்தில், கடல் கொந்தளிக்கும்போது. இரண்டாம் பருவக் கட்டணம் டிசம்பர், ஜனவரியில் வந்து நிற்பது அவர்களைத்தான் அடிக்கும். பனை வீட்டுக்கு வருடம் முழுவதற்கும் ஜூனிலேயே கட்டிவிடுவது நல்லது. விசைப்படகுக் கூலி வீட்டுக்கு மாதாமாதம் கட்டுகிற இடம்தான் தோது.

விசைப்படகு வீட்டுக்கு இதில் ஒரு ஆறுதல் உண்டு. பொறியியல் முதலாண்டு வகுப்பு கலந்தாய்வெல்லாம் முடிந்து பொதுவாக ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்குகிறது. தடை முடிந்த முதல் வாரங்களில் மீன் வரத்து நன்றாக இருக்கும். அந்த வரவு பொறியியல் மாணவரின் விடுதிக்கு எட்டும். கலை, அறிவியல் சேர்க்கையில் அந்த இடைவெளி கிடையாது.

வீட்டிலிருந்தே போய் வந்தால்

ராமநாதபுரத்தில் சேதுபதி அரசு கலைக் கல்லூரி, அரசு மகளிர் கல்லூரி, ராமேஸ்வரத்தில் அப்துல் கலாம் பெயரிலான அரசு கலை அறிவியல் கல்லூரி, பரமக்குடியில் அரசு கலைக் கல்லூரி, கீழக்கரையில் பொறியியல், கலைக் கல்லூரிகள் என்று மாவட்டத்துக்குள்ளேயே வாய்ப்பு இருக்கிறது. அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு அரசுப் பேருந்தில் இலவசப் பயண அட்டை. தனியார் கல்லூரி மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துக்கு மட்டும்தான். புறநகர் வண்டியில் ஏறிவிட்டு நடத்துநரோடு வாதாட வேண்டாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று ரயில் சீசன் டிக்கெட். பட்டப்படிப்பு வரை படிக்கிற மாணவிகளுக்கு வீட்டிலிருந்து கல்லூரிக்கு இரண்டாம் வகுப்பு மாதச் சீசன் டிக்கெட் இலவசம். மாணவர்களுக்கு இந்த இலவசம் பிளஸ் டூவோடு நின்றுவிடும், அதன் பிறகு சலுகைக் கட்டணம். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்ற பிறகு, தீவிலிருந்து படிக்கப் போனவர்களுக்கு இதனால் பயனில்லாமல் இருந்தது. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதிய பாலம் திறந்ததிலிருந்து மறுபடி பயன்படுகிறது. ஆனால் ரயில் நேரமும் வகுப்பு நேரமும் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே இதை நம்ப வேண்டும். தொண்டிப் பக்கத்துக்கும் சாயல்குடிப் பக்கத்துக்கும் ரயிலே கிடையாது.

போய்வருவது இலவசம் என்றாலும் மதியச் சாப்பாடு இருக்கிறது. காலை ஆறரைக்குக் கிளம்புகிற பிள்ளைக்குச் சோறு கட்டிக்கொடுக்க அம்மா நாலரைக்கு எழ வேண்டும். பாசி எடுக்கப் போகிற நாட்களில், கருவாட்டு வேலை இருக்கிற நாட்களில் அது நடக்காது. அந்த நாட்களில் கடைச் சாப்பாடு 70, 80 ரூபாய். மாதம் எட்டு நாள் என்றாலும் 600 ரூபாய் வாக்கில். இதையும் எழுதிக்கொண்டுதான் ஒப்பிட வேண்டும்.

மெஸ் பில் எப்படிக் கூடுகிறது

கல்லூரி விடுதிகளில் பெரும்பாலும் டிவைடிங் சிஸ்டம். மாதத்தின் மொத்தச் செலவை, எல்லா மாணவர்களும் சாப்பிட்டதாகக் கணக்கிலுள்ள மொத்த நாட்களால் வகுத்து ஒரு நாள் விலையைக் கண்டுபிடிப்பார்கள். அதை உங்கள் நாட்களால் பெருக்கினால் உங்கள் பில். கேட்க எளிமையாக இருக்கும் இந்த முறையில் பணம் ஒழுகுகிற ஓட்டை ஒன்று உண்டு.

200 பேர் உள்ள விடுதி. சமையல்காரர் சம்பளம், கேஸ் என்று நிலையான செலவு 1,50,000. அரிசி, காய்கறி ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 95 ரூபாய். சாதாரண மாதத்தில் மொத்தச் சாப்பாட்டு நாள் 5,600 என்றால் மொத்தச் செலவு 6,82,000, ஒரு நாளைக்கு ஏறத்தாழ 122 ரூபாய். பொங்கல் மாதத்தில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட, சாப்பாட்டு நாள் 3,500 ஆகக் குறைகிறது. சமையல்காரர் சம்பளம் குறையாது. மொத்தம் 4,82,500, ஒரு நாளைக்கு 138 ரூபாய். ஆள் குறையக் குறைய நாள் விலை ஏறும்.

அந்த ஜனவரியில் 18 நாள் மட்டும் தங்கிய மாணவர் சாப்பிடாத நாட்களைக் கழிக்கச் சொல்லி முறையாக மெஸ் ரிடக்ஷன் எழுதியிருந்தால் பில் 2,480 ரூபாய். எழுதாமல் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருந்தால் 31 நாளுக்கும் சேர்த்து 4,270. ஒரே ஒரு கையெழுத்தில் 1,800 ரூபாய் போய்விடுகிறது. ரிடக்ஷன் பெரும்பாலும் தொடர்ந்து இத்தனை நாள் என்று இருந்தால்தான் தருவார்கள், சில விடுதியில் மூன்று நாள், சிலவற்றில் ஐந்து. முந்தின நாளே பதிவேட்டில் எழுத வேண்டும். சனி, ஞாயிறு மட்டும் போனால் கழியாது. எனவே வாராவாரம் வீட்டுக்கு வருகிற மாணவர் சாப்பிடாத சோற்றுக்கும் கட்டி, பஸ்ஸுக்கும் கட்டுகிறார். அடிக்கடி வருவதை விட, விடுமுறையோடு சேர்த்து ஐந்தாறு நாளாக வருவது லாபம்.

அரசு விடுதி வேறு வகை. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத்துறைகளின் விடுதிகளுக்கு 2025 ஜூலையில் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றினார்கள். தங்கவும் சாப்பிடவும் மாணவர் காசு கட்ட வேண்டியதில்லை. கல்லூரி மாணவருக்கு உணவுச் செலவாக அரசு மாதம் 1,500 ரூபாய் ஒதுக்குகிறது, நாளைக்கு 50 ரூபாய். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியில் சேர வீடு கல்லூரியிலிருந்து 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும், மாணவிகளுக்கு அந்தத் தூர விதி இல்லை. வருமான வரம்பும் உண்டு. பணம் இல்லாத வீட்டுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை என்றே சொல்வேன். சிக்கல் காலத்தில்தான். கல்லூரி திறந்து, அங்கே படிக்கிறார் என்ற போனஃபைட் சான்று கையில் கிடைத்து, விண்ணப்பித்து, தேர்வுப் பட்டியல் வர வாரங்கள் ஓடிவிடும். அந்த இடைவெளிக்குத் தனியார் விடுதியில் பெரிய முன்பணம் கட்டிவிட்டு, இடம் கிடைத்த பிறகு முன்பணத்தை விட மனமில்லாமல் அங்கேயே தங்கிவிடுகிறவர்கள் உண்டு. முன்பணம் கேட்காத, நாள் கணக்கிலோ மாதக் கணக்கிலோ தங்கவிடுகிற இடமாகப் பாருங்கள். வருமானச் சான்று, சாதிச் சான்றை மே மாதத்திலேயே இ-சேவை மையத்தில் எடுத்து வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஊர் ஊராக

காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம் 1985இல் தொடங்கியது. நம் மாவட்டக் கலைக் கல்லூரிகள் அதன் கீழ்தான் வருகின்றன. வளாகம் ஊரோடு ஒட்டியிருப்பதால் உள்ளூர்ப் பயணச் செலவு சொற்பம். தொண்டி, தேவிபட்டினம் பக்கத்துக்கு முதுகலை படிக்க இதுதான் முதல் தெரிவாக இருக்க வேண்டும்.

மதுரையில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நம் பக்கத்துப் பஸ் போய் நிற்பது மாட்டுத்தாவணியில், நகரின் வடகிழக்கே. காமராசர் பல்கலைக்கழகமோ மேற்கே தேனி சாலையில் பல்கலை நகரில். நகரை முழுக்கக் கடக்க வேண்டும். அதனால் மாட்டுத்தாவணிப் பக்கம் மலிவாக அறை கிடைத்தது என்று எடுத்துவிட்டால், தினம் இரண்டு பஸ்ஸும் இரண்டு மணி நேரமும் போய்விடும். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம் இதற்கு நேர்மாறு. புதுக்கோட்டை சாலையில் பல்கலைப்பேரூரில் இருப்பதால், காரைக்குடி, புதுக்கோட்டை வழியாகத் திருச்சி போகிற பஸ் நகருக்குள் நுழையும் முன்பே வாசலைத் தாண்டித்தான் போகும். அங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977 முதல் இருக்கிறது. கடலை அறிந்த பிள்ளைக்கு அது இயல்பான இடம், மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடி, வேம்பார் வழியாகப் பஸ். மதுரை போய்ச் சுற்ற வேண்டாம். கோயம்புத்தூரில் தங்குவதற்கு ஆகிற செலவு சென்னைக்கும் மதுரைக்கும் நடுவே. ஆனால் ஊருக்கு வந்துபோகத் தூரம் அதிகம், பெரும்பாலும் மதுரையில் வண்டி மாற வேண்டும்.

சென்னையில் பஸ் இப்போது கிளாம்பாக்கத்தில் நின்றுவிடுகிறது. 2023 டிசம்பர் கடைசியில் திறந்த அந்த நிலையத்திலிருந்து சென்னைப் பல்கலைக்கழகம் இருக்கிற சேப்பாக்கம் போவது தனிப் பயணம். விடிகாலையில் பெட்டியோடு இறங்கி ஆட்டோ பிடித்தால், ஊரிலிருந்து ரயிலில் வருகிற கட்டணத்தை விட அது கூடுதலாகிவிடும். சாமானோடு முதல் தடவை போகிறவர்கள் ரயிலில் போய்த் தாம்பரத்திலோ எழும்பூரிலோ இறங்குவதே நல்லது. ஊருக்கு வந்து போகும் மாணவர்களுக்கு ஸ்லீப்பர் அடிப்படைக் கட்டணத்தில் 50 விழுக்காடு சலுகை, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 75 விழுக்காடு. கல்லூரியில் சலுகைப் படிவம் வாங்கி முன்பதிவு கவுன்ட்டரில் எடுக்க வேண்டும். கைபேசியில் எடுத்தால் சலுகை வராது. முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கும், அதனால் பொங்கலுக்கு நவம்பர் நடுவிலேயே எடுத்துவிட வேண்டும். தவறினால் ஆம்னி பஸ்ஸில் ஒரு வழிக்கே ஆயிரத்தைத் தாண்டும்.

சென்னை வாடகை வீட்டு அட்வான்ஸ் பற்றி ஒரு சொல். 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. நடைமுறையில் ஐந்து, பத்து மாதம் கேட்கிறார்கள். குறைந்தபட்சம் ஒப்பந்தத்தில் மூன்றை எழுத வையுங்கள்: அட்வான்ஸ் தொகை, காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார், சப் மீட்டரில் யூனிட்டுக்கு எவ்வளவு. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது மின் இணைப்புக்கு. ஒரே இணைப்பில் சப் மீட்டர் போட்டுக் கொடுக்கிற வீட்டில் அது உங்களுக்கு வந்து சேராது.

வர வேண்டிய காசு

புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலும் வந்தன. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மாதம் 1,000 ரூபாய். மேலே போட்ட மெஸ் பில்லில் கால்பங்கு இதிலேயே அடைபடும். பணம் ஆதாரோடு கடைசியாக இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் போகும். பழைய கணக்கு முடங்கிக் கிடந்து, பணம் வரவில்லை என்று அலைகிறவர்கள் நிறைய. விண்ணப்பிக்கும் முன் வங்கியில் ஆதார் இணைப்பைச் சரிபாருங்கள்.

முதல் பட்டதாரிச் சலுகை கல்விக் கட்டணத்துக்கு மட்டும், விடுதிக்கு இல்லை. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் பொறியியல், வேளாண்மை, மீன்வளம் போன்ற தொழிற்படிப்புகளில் சேர்ந்தால் நிலைமையே வேறு. 2021இல் வந்த அறிவிப்பின்படி கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்த பிள்ளைக்கு மேலே போட்ட ஊர் ஒப்பீடு ஏறத்தாழ முழுக்கவே தேவையற்றுப் போகிறது. சென்னையா மதுரையா என்பதைப் பாடத்தை வைத்தே முடிவு செய்யலாம். அப்படி இடம் கிடைத்தும் செலவுக்குப் பயந்து பக்கத்து ஊரில் சேர்ப்பது பெரிய இழப்பு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கல்விக் கடன் எடுப்பவர்கள் விடுதிச் செலவையும் முதல் விண்ணப்பத்திலேயே சேர்த்துக் கேட்க வேண்டும். 4 லட்சம் வரை சொத்துப் பிணையும் இல்லை, நம் கைப்பங்கும் கட்ட வேண்டியதில்லை. முதலில் கல்விக் கட்டணத்துக்கு மட்டும் கேட்டுவிட்டு, இரண்டாம் வருடம் விடுதிக்குக் கூட்டிக் கேட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். போனஃபைட் சான்றை ஒரே தடவையில் ஐந்து பிரதி வாங்கிவிடுங்கள். கடன், உதவித்தொகை, பயண அட்டை, விடுதி எல்லாவற்றுக்கும் அது வேண்டும்.

சாப்பாட்டுச் செலவில் கடைசியாக ஒன்று. மீன் இல்லாமல் சோறு இறங்காத பிள்ளைகள் வாரத்தில் மூன்று ராத்திரி வெளியே சாப்பிட்டுவிடுவார்கள். ஒரு தடவைக்கு 100 ரூபாய் என்றால் மாதம் 1,200. கருவாட்டை அப்படியே கொடுத்தனுப்பினால் வாடை வந்து விடுதியில் அனுமதிக்க மாட்டார்கள். நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, மணல் போகக் கழுவி, ஒரு நாள் நல்ல வெயிலில் காய வைத்து, எண்ணெய் விடாமல் இரும்புச் சட்டியில் ஒடித்தால் பட்டென்று முறியும் வரை வறுக்க வேண்டும். முண்டு மிளகாய், பூண்டு, சீரகத்தைத் தனியே வறுத்துச் சேர்த்து இடித்தால் பொடி. கீழக்கரைப் பக்கம் இதையே மாசிக் கருவாட்டில் செய்வார்கள். தேங்காய் சேர்க்கக் கூடாது, ஒரு வாரத்தில் சிக்கு வாடை வந்துவிடும். சூடு ஆறும் முன் மூடினால் ஆவி கோத்துப் பூசணம் பிடிக்கும். இருநூற்றைம்பது கிராம் பொடி ஒரு சின்ன எவர்சில்வர் சம்படத்தில் மூன்று வாரம் வரும்.

கடைசி வருடத்தில் தேர்வு ஏப்ரலில் முடியுமானால், காலி செய்கிற அறிவிப்பை மார்ச் முதல் தேதியே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். அப்போதுதான் மாதக் கடைசியில் அவசரமாகச் சொல்லி ஒரு மாத வாடகையை இழக்காமல், அட்வான்ஸும் விடுதிக் காப்புத்தொகையும் மே மாதத்துக்குள் வீட்டுக்கு வந்து சேரும். படகு கரையில் நிற்கிற அந்த மாதத்தில், அடுத்த பிள்ளையின் சேர்க்கைக்குக் கையில் இருக்கிற காசு பல வீடுகளில் அதுவாகத்தான் இருக்கும்.